தற்காலிகப் பதிவு உறுதியாகும் வரை: வேலூர்ப் பகுதிக் கலைப்பிரிவு முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு

பிஎச்.டி.க்கு இடம் கிடைத்து, கட்டணமும் கட்டியாயிற்று என்றால், கைக்கு வந்த ஆணையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் 'தற்காலிகப் பதிவு' என்றுதான் இருக்கும். பாடநெறித் தாள்களில் தேறி, ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைத்து, அவர்கள் சரி என்று கையெழுத்திட்ட பிறகுதான் அந்தப் பதிவு உறுதியாகும். நம் கல்லூரிகளில் இதைக் 'கன்ஃபர்மேஷன்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'கேண்டிடசி' என்று ஒரு நிலை உண்டு. அங்கேயும் பாடங்களை முடித்து, தகுதித் தேர்வு எழுதி, ஆய்வுத் திட்டம் ஏற்கப்பட்ட பின்தான் அந்த நிலைக்குப் போக முடியும். நடைமுறை ஊருக்கு ஊர் வேறு. கேட்கப்படுவது ஒன்றுதான்: இந்த ஆய்வை இவரால் செய்து முடிக்க முடியுமா?

இந்த முதல் ஒன்று, ஒன்றரை ஆண்டை வெறும் சடங்காக நினைத்துக் கடப்பவர்கள் அதிகம். தாள் எழுதினோம், கூட்டம் முடிந்தது, கையெழுத்து வாங்கினோம் என்று போய்விடுகிறார்கள். அப்புறம் நாலாம் ஆண்டில் தலைப்பைத் திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டு நிற்கிறார்கள். ஆய்வேடு நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் இந்தக் காலத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் பார்த்த வரையில் உண்மை. அதனால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளில் தமிழ், வரலாறு, ஆங்கிலம், பொருளியல் போன்ற பாடங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் விதிமுறை

முதல் வேலை, உங்கள் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட விதிமுறையைப் பிடிஎஃப்பாக இறக்கி, அச்செடுத்து வைத்துக்கொள்வது. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழக விதிமுறைக்கு அடிப்படை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறை. அதற்கு முன் இருந்தது 2016 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. எந்த ஒழுங்குமுறை நடப்பில் இருந்தபோது பதிவு செய்தீர்களோ, அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சீனியர்கள் நல்ல மனதோடு சொல்லும் பல தகவல்கள் அவர்கள் காலத்து விதி. 2016 விதியில் பாடநெறிக்குக் குறைந்தது 8 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு). 2022 விதியில் குறைந்தது 12, அதிகம் போனால் 16. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்கில் படித்திருக்க வேண்டும் என்பது 2016 விதி. 2022 இல் யுஜிசி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் விதிமுறையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரி. கட்டுரை வெளியிட எல்லோரும் தேடிக்கொண்டிருந்த யுஜிசி கேர் என்ற ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியலும் 2025 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பட்டியலைக் காட்டிப் பணம் கேட்கும் இதழ்களிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

கால அளவும் இதே விதிமுறையில்தான் இருக்கிறது. பாடநெறியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். இந்தக் காலம் சேர்க்கைத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. கன்ஃபர்மேஷன் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஆய்வேடு எழுதும் காலத்திலிருந்துதான் கழிகிறது.

சேர்க்கை ஆணையில் நாலு விஷயங்களைச் சரிபாருங்கள்: பெயர் எழுத்துகள், முழுநேரமா பகுதிநேரமா, ஆய்வு மையமாக எந்தக் கல்லூரி, நெறியாளர் யார். பிழை இருந்தால் அந்த வாரமே எழுத்தில் கொடுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும் எந்தக் கடிதமானாலும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வதை இந்த நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நெறியாளர்

கைடு கிடைத்தாயிற்று என்பவர்கள்கூட ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: அவருக்கு ஓய்வு பெற எத்தனை ஆண்டு இருக்கிறது? மூன்று ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர் புதிதாக ஆய்வாளர்களை எடுக்க முடியாது என்பது 2022 விதி. நாலைந்து ஆண்டில் ஓய்வு என்றால் எடுக்கலாம். ஆனால் நீங்கள் எழுதி முடிக்கும் நேரத்தில் அவர் பணியில் இருக்கமாட்டார். அப்போது யார் பொறுப்பேற்பார், அவர் இணை நெறியாளராகத் தொடர்வாரா என்பதை முதலிலேயே பேசிவிடலாம். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் என்ற உச்சவரம்பும் உண்டு.

இன்னொன்று. நெறியாளரிடம் வாய்மொழியாகப் பேசியதை அன்று மாலையே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "அடுத்த மாதத்துக்குள் இந்த இரண்டு நூலைப் படித்துவிட்டு வா" என்று அவர் சொன்னது உங்களுக்கு மறந்துவிடும், அவருக்கு மறக்காது. குழுக் கூட்டத்துக்கு முன்னேற்ற அறிக்கை எழுதும்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

குழு

யுஜிசி விதியில் இதன் பெயர் ஆய்வு ஆலோசனைக் குழு. நம் பக்கம் 'டாக்டரல் கமிட்டி', சுருக்கமாக 'டிசி'. இதற்கு அமைப்பாளர் உங்கள் நெறியாளர்தான். உறுப்பினர்களாக உங்கள் பொருளில் ஆழ்ந்த பிறரும் இருப்பார்கள். உறுப்பினர் பெயர்களைப் பரிந்துரைக்கும்போது, 'எளிதாக விட்டுவிடுவார்' என்று பார்த்து ஆளைத் தேடாதீர்கள். உங்கள் களத்தைத் தெரிந்தவர், கேள்வி கேட்பவர் வேண்டும். இன்று குழுவில் கேட்கப்படாத கேள்வியை, சில ஆண்டு கழித்து வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்பார். அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

தலைப்பை முடிவு செய்வது, ஆய்வு முறையை வகுக்க உதவுவது, எந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்று சொல்வது, முன்னேற்றத்தைப் பார்ப்பது எல்லாம் குழுவின் வேலை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை அவர்கள் முன் நின்று, செய்த வேலையைச் சொல்லி, சுருக்கமான அறிக்கையும் கொடுக்க வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால் காரணத்தைப் பதிவுசெய்து திருத்த வழி சொல்வார்கள். அதையும் செய்யாமல் விட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கும் அதிகாரம்கூடக் குழுவுக்கு இருக்கிறது. கூட்டம் நடத்தச் சொல்லி நெறியாளருக்கு நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கு வகுப்பு, தேர்வு, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை என்று ஆயிரம் இருக்கும்.

பாடநெறி

'கோர்ஸ் ஒர்க்' தாள்கள் பெரும்பாலும் ஆய்வு முறையியல், உங்கள் துறைசார்ந்த உயர்நிலைப் பாடம், ஆய்வுப் பொருளை ஒட்டி நெறியாளர் வகுக்கும் பாடம், இவற்றோடு ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்று அமையும். கடைசியாகச் சொன்னது எல்லாத் துறைக்கும் கட்டாயம். அதற்கு 2 கிரெடிட், 30 மணி நேரம். குழு பரிந்துரைத்தால் யுஜிசி ஏற்ற இணையவழிப் பாடங்களையும் கிரெடிட்டில் சேர்க்கலாம். பாடநெறியில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணோ அதற்கு நிகரான தரநிலையோ வேண்டும். முதுகலையில் தேறிய அளவு மதிப்பெண் போதும் என்று நினைத்துப் பரீட்சைக்குப் போனவர்கள் சிக்கிய இடம் இது.

இவற்றில் நெறியாளர் வகுக்கும் தாளைத்தான் பலரும் வீணாக்குகிறார்கள். அந்தத் தாளுக்கான பாடத்திட்டத்தை அவர் தயாரிக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இதுவரை இந்தப் பொருளில் வந்த ஆய்வுகள் என்பதை ஓர் அலகாக வைக்கலாமா?" என்று கேளுங்கள். வைத்தால், பரீட்சைக்குப் படிப்பது அப்படியே ஆய்வேட்டின் முன்னாய்வு மதிப்பீட்டுக்கு முதல் வரைவாகிவிடும். ஒரே உழைப்பில் இரண்டு பயன்.

அறம் பற்றிய தாளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள். 2018 ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி ஆய்வேட்டில் ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி) 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 6 மாதத்துக்குள், திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டியவை, துணைநூற்பட்டியல் போன்றவை இந்தக் கணக்கில் வராது.

இதை ஒட்டித் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். டிடிபி கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அந்தக் கோப்பை ஒப்புமை மென்பொருளால் ஒழுங்காகப் படிக்க முடியாது. பின்னால் மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறி, நூற்றுக்கணக்கான பக்கத்தை மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டியதாகிவிடும். தமிழ்99 விசைப்பலகை பழகச் சில வாரம் போதும்.

தலைப்பைக் குறுக்குவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் துறையில் சேரும் ஒருவர் 'வட ஆர்க்காடு மாவட்டத் தெருக்கூத்து – ஓர் ஆய்வு' என்று தலைப்பு எழுதி வருகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. குழுவில் வரலாற்றுக்காரர் ஒருவர் இருந்தால் முதல் கேள்வியே, "எந்த வட ஆர்க்காடும்மா?" என்பதாகத்தான் இருக்கும். 1911 இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை சித்தூரும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. மாவட்டத் தலைநகரே அதுதான். 1989 இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019 இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆக, ஆண்டைச் சொல்லாமல் வட ஆர்க்காடு என்றால் எல்லை எது என்றே தெரியாது. சரி, பழைய ஒன்றுபட்ட மாவட்டம் என்று வைத்துக்கொண்டால், அதில் எத்தனை கூத்துக் குழு, எத்தனை ஊர், எந்தக் காலம்? ஒருவர் ஆறு ஆண்டில் செய்து முடிக்கும் வேலையே இல்லை அது.

இப்போது குறுக்குவோம். கூத்து எங்கே நடக்கிறது? பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில். அங்கே பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, அதாவது அர்ச்சுனன் தவம் செய்த கதை நடக்கும் நாளில், அதற்காக நட்ட தபசு மரம் ஏறுவார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தோடு படுகளம் (அவன் போரில் விழுவதைக் காட்டும் சடங்கு), மாலையில் தீமிதி. ஆக, ஒரே கதை ஒரே ஊரில் இரண்டு வகையில் சொல்லப்படுகிறது. இப்போது கேள்வி தானாக எழுகிறது. பகலில் சொற்பொழிவாளர் எங்கே நிறுத்துகிறாரோ, அங்கிருந்துதான் இரவுக் கூத்து தொடங்குகிறதா? எந்தக் கதையை ஆட வேண்டும் என்று முடிவு செய்வது யார்? ஊர்ப் பெரியவர்களா, கூத்து வாத்தியாரா? இரண்டுக்கும் இடையில் கதை மாறுகிறதா?

இந்தக் கேள்விகளை வைத்துத் தலைப்பைத் திருத்தினால் இப்படி வரும்: 'செய்யாறு வட்டத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் பகல் சொற்பொழிவும் இரவுக் கூத்தும்: கதைத் தேர்வும் நிகழ்த்துமுறையும்.' இடம் குறுகிவிட்டது. பொருள் தெளிவாகிவிட்டது. எத்தனை விழாவைப் பார்க்க வேண்டும் என்று இப்போது கணக்குப் போட முடியும். புரிசை போன்ற ஊர்களின் கூத்து மரபைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்து உங்கள் ஆய்வு எங்கே விலகுகிறது என்றும் சொல்ல முடியும்.

வேறு துறையினருக்கும் இதே வழிதான். வரலாறு, பொருளியல் பக்கம் தோல் தொழிலை எடுப்பவர்கள் அதிகம். 'பாலாற்று மாசு' என்று மொத்தமாக எடுத்தால் கரை காண முடியாது. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்டில். அந்தத் தீர்ப்புக்கு முன், பின் என்று ஆம்பூரையோ வாணியம்பாடியையோ மட்டும் எடுத்து, அங்கே சிறு தோல் பதனிடும் ஆலைகளின் நிலை என்ன ஆயிற்று என்று கேட்டால், அது ஆய்வுக் கேள்வி. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதை எடுப்பதானால் புதிய ஆவணத் தொகுதி ஒன்றோ, இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்றோ கையில் இருக்க வேண்டும். ஊர்ப்பற்று மட்டும் போதாது.

ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா?

இதைத் தேடாமல் குழு முன் போகாதீர்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும், ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் தொடங்குங்கள். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்புகள் அங்கே சில சமயம் தமிழிலும், சில சமயம் ஆங்கில எழுத்திலும், சில சமயம் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் ஏறியிருக்கும். மூன்று விதமாகவும் தேட வேண்டும். துறை வாரியாகப் பட்டியலைத் திறந்து கண்ணால் மேய்வது இன்னும் நல்லது.

ஷோத்கங்காவில் இல்லை என்பதால் ஆய்வே நடக்கவில்லை என்று ஆகாது. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியது 2002 இல்தான். அதற்கு முன் நம் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. ஆகவே வட ஆர்க்காடு பற்றிய பழைய ஆய்வேடுகளைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் தேட வேண்டும். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் ஒரு பகல் முழுக்க அங்கே உட்காரலாம். அதே சென்னையில் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்துக்கு நெறியாளரின் பரிந்துரைக் கடிதமும் அடையாளச் சான்றும் எடுத்துப் போங்கள். அச்சு இதழ், பழைய கூத்து நூல், நாடகப் பிரதி தேடுபவர்கள் ரோஜா முத்தையாவைத் தவறவிடக் கூடாது. 1881 இல் காக்ஸ் தொகுத்து, பின்னர் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை எந்தத் துறையினரும் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். அதில் உள்ள சாதி, வழக்கம் பற்றிய விவரங்கள் ஆங்கிலேய அதிகாரியின் கண்ணால் பார்த்தவை என்ற நினைப்போடு படியுங்கள்.

ஊரிலேயே இருப்பதையும் விட்டுவிடக் கூடாது. ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடி ஆக்சீலியம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா என்று பழைய கல்லூரிகள் நமக்கு இருக்கின்றன. நெறியாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேறு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்கலாம். அங்கே நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன் வாங்கிய நூல்கள் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆய்வுத் திட்டம் எழுதுவது

பத்துப் பதினைந்து பக்கம் போதும். ஆய்வுக் கேள்வி, இதுவரை நடந்த ஆய்வுகள், அவற்றில் விடுபட்டது, ஆய்வு எல்லை, சான்றுகள், ஆய்வு முறை, உத்தேச இயல் பகுப்பு, கால அட்டவணை, துணைநூல்கள். இந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். பலவீனமாக இருப்பது பெரும்பாலும் இரண்டு இடம்.

ஒன்று, முன்னாய்வுகள். 'இன்னார் இந்த ஆண்டு இந்தத் தலைப்பில் ஆய்வு செய்துள்ளார்' என்று வரிசையாக முப்பது பெயர் எழுதினால் அது பட்டியல்தான். அவர் என்ன சொன்னார், எதை வைத்துச் சொன்னார், அதில் உங்களுக்கு என்ன உடன்பாடு, எங்கே இடைவெளி தெரிகிறது என்று எழுதினால்தான் குழுவுக்கு நம்பிக்கை வரும். எட்டுப் பத்து ஆய்வை இப்படி எழுதினாலே போதும்.

இரண்டு, கால அட்டவணை. 'முதல் ஆறு மாதம் தரவு சேகரித்தல், அடுத்த ஆறு மாதம் பகுப்பாய்வு' என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். களத்துக்குத் தனி நாட்காட்டி உண்டு. பாரத விழாக்கள் நம் பக்கம் பங்குனி தொடங்கி ஆடி வரை நடக்கின்றன. கன்ஃபர்மேஷன் தை, மாசியில் முடிந்தால் அந்த ஆண்டு விழாக்களுக்கு முழு ஆயத்தத்தோடு போகலாம். ஆவணிக்குத் தள்ளினால் ஓர் ஆண்டுக் களம் போயிற்று. குழுக் கூட்டத் தேதியைக் கேட்கும்போதே இந்தக் காரணத்தை நெறியாளரிடம் சொல்லுங்கள். புரிந்துகொண்டு சீக்கிரம் கூட்டுவார்.

களப்பணி என்றால் ஒப்புதல் பற்றியும் திட்டத்தில் ஒரு பத்தி வேண்டும். கூத்து வாத்தியாரிடமும் விழாக் குழுவிடமும் முன்கூட்டியே போய்ப் பேசி, எதைப் பதிவு செய்வீர்கள், எங்கே பயன்படுத்துவீர்கள் என்று சொல்லி, பதிவின் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுப்பதாக ஏற்றுக்கொள்ளுங்கள். யூட்யூபில் போட மாட்டேன் என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். இரவெல்லாம் ஆடுகிற கலைஞருக்கு இது பிழைப்பு. அந்த மரியாதையைக் கொடுத்தால்தான் அடுத்த ஆண்டும் அந்த ஊருக்குள் போக முடியும்.

தமிழ்த் துறைக்கு வெளியே இருப்பவர்கள் தமிழிலேயே ஆய்வேடு எழுத விரும்பினால், மொழிக்கான அனுமதியை இந்தக் கட்டத்திலேயே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

குழு முன் நிற்கும் நாள்

திட்டத்தின் நகலை ஒரு வாரம், பத்து நாள் முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். பேச இருபது நிமிடம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். திரையில் பத்திகளைப் போட்டு வாசிப்பதைவிட, களத்திலிருந்தோ ஆவணத்திலிருந்தோ ஒரு சான்றைக் காட்டிப் பேசுவது நல்லது. ஒரு கூத்துப் பிரதியின் பக்கம், ஒரு நடுகல்லின் படம், ஒரு ஆலைப் பதிவேட்டின் நகல். அதிலிருந்து உங்கள் கேள்வி எப்படிப் பிறந்தது என்று சொன்னால், இவர் களத்தில் இறங்கிவிட்டார் என்று குழுவுக்குப் புரிந்துவிடும்.

"இதில் புதிதாக என்ன?", "ஏன் இந்த வட்டம், பக்கத்து வட்டம் ஏன் இல்லை?", "இந்தக் கோட்பாடு எதற்கு?", "உங்களுக்கு வேண்டிய சான்று கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" இந்த நாலு கேள்வியும் எப்படியும் வரும். கடைசிக் கேள்விக்கு மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாது, பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன் என்று சொல்லலாம். மூத்த பேராசிரியர்கள் அதை மதிக்கிறார்கள். நண்பர் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லப்படும் திருத்தங்களை எழுதச் சொல்லுங்கள், பதற்றத்தில் பாதி காதில் விழாது. திருத்தங்களைச் செய்து, எந்தக் கருத்துக்கு எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தால் கையெழுத்து தாமதமாகாது.

பகுதிநேரத்தாருக்கும் உதவித்தொகை பெறுவோருக்கும்

பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் தடையின்மைச் சான்றைச் சேரும்போதே கொடுத்திருப்பீர்கள். அதில் பாடநெறி வகுப்புக்கு வர அனுமதி உண்டு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வகுப்பு நாளில் விடுப்புக் கேட்டு அல்லாட வேண்டிவரும். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மு. வரதராசன், தனியாகவே படித்து 1935 இல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றவர். பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். வேலையோடு படிப்பவர்களுக்கு நம் மண்ணிலேயே இப்படி ஒரு முன்னோடி இருக்கிறார் என்பதால் சொல்கிறேன்.

ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆக உயர்ந்தால் 42,000. அந்த உயர்வு தானாக வராது. அதற்கும் ஒரு குழு உங்கள் பணியை மதிப்பிட வேண்டும். பருவ அறிக்கைகள் ஒழுங்காக இருந்தால் அந்த நாள் சிரமமில்லை. மற்றவர்கள் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை போன்ற துறைகள் முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை அறிவிப்புகளை ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். விண்ணப்பத்தோடு நெறியாளர் சான்று கேட்பது வழக்கம்.

உறுதி ஆணை வந்ததும்

குழுவின் பரிந்துரை, பாடநெறி மதிப்பெண் சான்று, திருத்திய ஆய்வுத் திட்டம், கட்டண ரசீது எல்லாம் கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுக்குப் போகும். போனது என்று கல்லூரியில் சொன்னாலும், இரண்டு மூன்று வாரத்தில் சேர்க்காட்டுக்கு ஒருமுறை போய்க் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆணை கைக்கு வந்ததும் தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வல்லின ஒற்று விடுபட்டிருக்கிறதா, ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து சரியா, துணைத்தலைப்பு விடுபட்டுவிட்டதா என்று பாருங்கள். ஆய்வேட்டின் அட்டையிலும் வாய்மொழித் தேர்வு அறிவிப்பிலும் இதே வரிதான் வரும். பிழை இருந்தால் அன்றே திருத்தக் கடிதம் கொடுங்கள். அப்புறம் சேர்க்கை ஆணை, பாடநெறி மதிப்பெண், குழுக் கூட்டக் குறிப்புகள், உறுதி ஆணை நான்கையும் ஒரே கோப்பில் வைத்து, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அடுத்த குழுக் கூட்டம் எந்த மாதம் என்று நெறியாளரிடம் கேட்டு, அதற்குள் முதல் இயலில் எத்தனை பக்கம் தருவீர்கள் என்று சொல்லிவிட்டுக் களத்துக்குக் கிளம்புங்கள்.